கோமதிநாயகம் கம்ப்யூட்டரை முடுக்கிய கதை

கோமதிநாயகம் சொல்வதைப் பொய்யென்று சொல்ல யாருக்கும் மனசு வராது. நிஜமென்று சொன்னாலோ சாமி கண்ணைக் குத்திவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்றைக்கு மத்தியானம், சங்கரன்கோவிலில் வடிவு நடத்துகிற போட்டோ ஸ்டூடியோவுக்குள் கையில் திருப்புளியோடு நுழைந்தார். வடிவின் நாத்தனார் புருஷன். வராதீர்கள் என்று சொல்ல முடியாத உறவு.

வடிவு ஏற்கெனவே கம்ப்யூட்டர் திரையில் ஊர்கிற கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பால்வண்ணம் அண்ணாச்சி மகளின் கல்யாண வீடியோ, வெட்டி ஒட்டி ஒரே படமாகக் கம்ப்யூட்டரில் ஓடி முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி. பொண்ணும் மாப்பிள்ளையும் குவைத்துக்குக் கிளம்ப வேன் வந்து நிற்கிறது. நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான் ஓட வேண்டும். பென்டிரைவுக்காக அண்ணாச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, எறும்பு ஊருத மாதிரி ஊருது? தள்ளு. பிராசசரை முடுக்கி விட்டா குதிரையாப் பாயும்" என்று கோமதிநாயகம் பெட்டியின் திருகாணியில் கையை வைத்தார்.

"அண்ணே, அண்ணே!" வடிவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிள்ளையாரே என்று மனசுக்குள் கும்பிட்டவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. அண்ணன் கதை சொன்னால் ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டித்தான் சொல்வார். ஆடுகிற கை திருகாணியைத் தொடாது.

"திருப்பூர்ல நீங்க ஒரு கம்ப்யூட்டரை முடுக்கினீங்களாமே? அதைக் கேட்டுட்டுச் செய்வோம்ணே."

கை கிளம்பிவிட்டது.

"அதுவா? பனியன் கம்பெனி ஆபீஸ். செட்டிங்குக்குள்ள போயி வேகத்தை ரெண்டு மடங்கா ஏத்துனேன். நான் மவுசைத் தொடுமுன்னாடியே அம்புக்குறி போயி நிக்கு!"

"கரண்டு இருந்துச்சா வே?" என்றார் பால்வண்ணம்.

"நக்கலாக்கும்? கேளும். வேகம் ஏறினா சூடும் ஏறும்லா? பிராசசர் தலையில தடவுற பசை தீந்துபோச்சு. ஆயுத பூசைக்கு உரைச்ச சந்தனம் கிண்ணத்துல இருந்துச்சு. குளிர்ச்சிதானேன்னு எடுத்து அப்பிட்டேன். ஃபேன் காத்துல வாசம் தெருவெல்லாம் பரவி, போற வாற சனம் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வரிசையில நிக்கு! மேனேசரு எல்லாருக்கும் துன்னூறு குடுத்துத்தான் அனுப்புனாரு."

திரையில் கோடு நகர்ந்தது. இன்னும் விரல்கடை தூரம் பாக்கி. கதை முடிந்ததென்று அண்ணனின் கை இறங்கப் பார்த்தது.

"அதோட நின்னுருச்சாண்ணே?"

"நிக்குமா? நாளைக்கு யாரு யாரு வயித்துவலின்னு லீவு கேப்பாங்கன்னு இன்னைக்கே அச்சடிச்சுக் குடுத்துருச்சு. அதுல எம்பேரும் இருந்துச்சு. மறுநாள் வலிச்சுது, பாத்துக்கோ! வேலைக்கே சேராத ஒருத்தனுக்கும் லீவு போட்டிருந்துச்சு."

"அவன் சேந்தானா இல்லையா?"

"லீவு முடிஞ்சு வந்துதான் சேந்தான் அண்ணாச்சி!"

பால்வண்ணம் தலையில் கை வைத்துக்கொண்டார். வடிவு கோட்டைப் பார்த்தாள். "அப்புறம்ணே?"

"அப்புறம் ஃபேன் சுத்துன சுத்துல மேசை எந்திரிச்சுது. தூணோட சேத்துக் கட்டுனேன். கட்டடமே எந்திரிச்சுது! நான் ஒயரைப் பிடுங்குறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல போயி உக்காந்துருச்சு. நடக்குற தூரம் குறைஞ்சுதுன்னு தையல் பொம்பளைங்க எனக்கு மாலை போட்டாங்க."

"பழைய இடத்துல இப்போ என்ன இருக்கு?" வடிவு விடவில்லை.

"அதோட நிழல் மட்டும் கிடக்கு. கட்டடம் போன வேகத்துக்கு அதால ஓடிவர முடியல. மத்தியானம் வெயிலுக்கு ஆட்டோக்காரங்க அதுலதான் படுக்காங்க."

டிங் என்றது கம்ப்யூட்டர். வீடியோ முடிந்திருந்தது. வடிவு அவசரமாகப் பென்டிரைவில் ஏற்றி, கண்ணில் ஒற்றி, அண்ணாச்சி கையில் வைத்தாள்.

கோமதிநாயகம் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீரா? நான் சொன்ன கதையைக் கேட்டே பயந்து ஓடி முடிச்சிருச்சு. தொட்டிருந்தேன்னு வையும், உம்ம பேரன் காதுகுத்து வீடியோவும் சேந்தே வந்திருக்கும்!"

பால்வண்ணம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீரு தொட்டிருந்தா, எம்மவளுக்கு இன்னொரு மட்டம் கல்யாணத்தை நடத்தியிருக்கணும் வே."