தண்ணி லாரியில் ஒட்டிய நோட்டீஸ்

"நோட்டீஸை எங்கலே ஒட்டுன?" என்று சேர்மன் வெள்ளைத்துரை மேசையில் அடித்தார். நகராட்சி வாசலில் எட்டாவது வார்டுப் பெண்கள் ஆட்சேபணை மனுவோடு கத்திக்கொண்டிருந்தார்கள். விசாரிக்க வந்த சப்-கலெக்டர் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

பியூன் மாசானம் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றான். பதினைந்து நாளைக்கு முன்னால் சேர்மன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அப்பவே அவனுக்குச் சந்தேகம் தட்டியது. சேர்மனுடைய மச்சான் வீட்டு மாடியில் செல்போன் டவர் வைக்க அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் ஊருக்குத் தெரிய நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். "யாரும் பார்க்காத இடத்துல ஒட்டு. போட்டோ எடுத்ததும் கிழிச்சிரு" என்றார். அந்த மாடிச் சுவரோ விரிசல் விட்டது. அதற்குக் கீழேதான் மாசானத்தின் ஓட்டுவீடு.

"யாரும் பார்க்காத இடத்துல ஒட்டச் சொன்னீங்க. தண்ணி லாரி முதுகுல ஒட்டுனேன் சார். போட்டோ எடுத்ததும் லாரி கிளம்பிட்டு, கிழிக்க முடியல."

"கூறுகெட்ட பயலே! வார்டுப் பொம்பளைங்க பூரா அதுக்குப் பின்னாலதானல மணிக்கணக்கா நிக்காளுவ!"

"அப்படியா சார்? புதுக் குழாய் போட்டாச்சு, லாரிப் பக்கம் ஒரு ஆளும் வாறதில்லைன்னு போன மாசம் கலெக்டருக்கு எழுதுனீங்களே. நான்தானே தபால்ல சேர்த்தேன். சேர்மன் பொய் எழுதமாட்டாருன்னு நம்பிட்டேன்."

சப்-கலெக்டர் நிமிர்ந்தார். "அந்தக் கடித நகலும் டவர் ஃபைலும் இப்பவே வேணும்."

சேர்மன் மாசானத்தின் காதோரம் குனிந்தார். "ரெண்டையும் காணோம்னு சொல்லிருல."

மாசானம் பீரோவைத் திறந்து, ரெண்டையும் எடுத்து சப்-கலெக்டர் முன்னால் வைத்தான்.