வெள்ளைச் சேலைக்காகக் காலமான செயலாளர்

கோயமுத்தூருக்குக் கிழக்கே வாகைப்பாளையம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். இருந்தது, எடுத்துச் செலவு செய்யத்தான் மனம் வரவில்லை.

அங்கே நூல் மில் வைத்திருந்த வெள்ளைக்கார துரை சீமைக்குத் திரும்பியபோது, ஒரு கிளப்பையும் அதன் பின்னால் ஒரு ஸ்குவாஷ் கூடத்தையும் விட்டுப் போனார். நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்று ஒரே சுவரில் மாறி மாறிப் பந்தடிக்கும் ஆட்டம் அது. நம்மவர்கள் ஆறு வருஷமாக அந்தக் கூடத்தில் பஞ்சு மூட்டை அடுக்கினார்கள்.

ஆட்டம் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர், இரண்டு பேருமே பெண்கள். ஒருத்தி கிளப் செயலாளர் மருதாசலத்தின் மனைவி சம்பூர்ணம். ஊட்டியில் பிறந்தவள்; அங்கே துரைசானிகளுக்கு ஆள் குறையும்போதெல்லாம் மட்டை பிடித்துப் பழகியவள். இன்னொருத்தி மில் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் எஸ்தர்.

மெட்ராஸில் முதன்முதலாகப் பெண்களுக்கு ஸ்குவாஷ் சாம்பியன்ஷிப் நடக்கப்போகிறது, உங்கள் ஊரில் முதல் சுற்று நடத்தி ஒருவரை அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. சம்பூர்ணம் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

"இங்க ஆடு, வேண்டாங்கல. மெட்ராஸுக்கெல்லாம் உடமாட்டேன். அப்பறம் எனக்கு ரசம் யாரு வெக்கறது?" என்றார் மருதாசலம். கடிதத்தோடு வந்த படிவத்தில் கல்யாணமானவளுக்குக் கணவன் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. அந்த வரி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

போட்டி நடத்தக் கமிட்டி கூடியது. தலைவர் சென்னியப்பன், உறுப்பினர் ராக்கியண்ணன், செயலாளர் மருதாசலம் என்று மூன்று ஆண்கள். பெண்கள் விளையாட்டைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பெண்களுக்கு என்ன வேலை? சம்பூர்ணத்தைக் காப்பி கொண்டுவர மட்டும் அனுமதித்தார்கள்.

மெட்ராஸ்காரர்கள் அனுப்பிய விதிகளைத் தலைவர் வாசித்தார். முதல் விதி: ஆட்டத்துக்கு முன் பந்தைச் சூடேற்ற வேண்டும்.

"செவுத்துல நாலு தட்டு தட்டுனா தானாச் சூடாயிருமுங்க" என்றாள் சம்பூர்ணம்.

"அம்மிணி, விதியில தட்டச் சொல்லலயே" என்றார் தலைவர். "நீங்க காப்பியக் குடுங்க."

கிளப் சமையல்காரர் ஒரு பந்தைத் தோசைக்கல்லில் போட்டார். அது கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்கத் தோசைத் திருப்பி போதாமல் கடப்பாரை வந்தது. இரண்டாவது பந்தை இட்லிப் பானையில் அவித்து, வெந்துவிட்டதா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அது பந்தாக இல்லை. மூன்றாவதைச் சம்பூர்ணம் காப்பித் தட்டுக்கு அடியில் ஒளித்து எடுத்துக்கொண்டு போனதால் போட்டி பிழைத்தது.

இரண்டாவது விதிதான் வில்லங்கம்: ஆடுகிறவர்கள் வெள்ளை உடுப்புதான் உடுத்த வேண்டும்.

ராக்கியண்ணன் முகம் வாடிப்போனார். "டீச்சரம்மா பரவால்லீங்க, வேதக்காரங்க, தினமும் வெள்ளைதான் கட்டறாங்க. நம்ம செயலாளர் சம்சாரம் எப்படிங்க கட்டறது? இவரு குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்காரே?"

"அதானே? புருஷன் இருக்கறப்ப வெள்ளை கட்டுனா ஊரு என்ன பேசும்?" என்றார் தலைவர்.

"உடுப்புதானுங்களே, என்ன இப்ப?" என்றாள் சம்பூர்ணம். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. யார் காதிலும் விழவில்லை.

தலைவர் விதித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விதிய மாத்த நமக்கு அதிகாரமில்ல. புருஷன மாத்தலாமுங்களா?"

"அது தப்புங்க" என்றார் ராக்கியண்ணன். "வேணும்னா இவரு கொஞ்ச நாளைக்குக் காலமாயிட்டா?"

மருதாசலம் யோசித்தார். போட்டி நின்றுபோனால் செயலாளர் பேர் அல்லவா கெடும்? "சாப்புடலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தாராளமா. பேசத்தான் கூடாது."

தீர்மானத்தை மருதாசலமே தம் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினார்: 'சாம்பியன்ஷிப் முடியும்வரை நம் செயலாளர் காலமாகியிருப்பார் என இக்கமிட்டி ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.' மூவரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனம் காத்தார்கள். தாம் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தோம் என்று நினைத்து மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பஞ்சு மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம். வெள்ளைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சம்பூர்ணம் இறங்கினாள். மட்டை கையில் பட்டதும் நாலு வருஷத்து அடுப்புப்புகை அவளை விட்டுப் போனது. எஸ்தரும் லேசுப்பட்டவள் இல்லை. ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்து, ஐந்தாவதில் எட்டுக்கு எட்டு என்று நின்றது. இன்னும் ஒரே பாயிண்டு.

சம்பூர்ணம் பந்தைப் போட்டாள். எஸ்தர் திருப்பி அடித்தது சுவரின் அடியிலிருந்த தகரத்தில் பட்டு டங்கென்றது. தகரத்தில் பட்டால் அடித்தவருக்குத் தோல்வி. மேலே மாடத்தில் உட்கார்ந்திருந்த மருதாசலத்துக்கு ரசம் ஞாபகம் வந்தது. தகரத்துக்கு மேலேதான் பட்டது என்று சாதிக்க வாயைத் திறந்தார்.

ராக்கியண்ணன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். "காலமானவங்க பாயிண்டு சொல்லக்கூடாதுங்க!"

எஸ்தர் மட்டையைக் கீழே வைத்தாள். "தகரத்துலதாங்க பட்டுச்சு. அக்காதான் ஜெயிச்சாங்க." நல்ல மனுஷி. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கொஞ்சம் அழவும் செய்தார்கள்.

மருதாசலம் ராக்கியண்ணனின் கையை உதறிக்கொண்டு கேட்டார்: "நான் இனி உசுரோட வரலாமுங்களா? படிவத்துல கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லோணும்."

சம்பூர்ணம் மெதுவாகத் தீர்மானப் புத்தகத்தை எடுத்து வந்து பிரித்தாள். "சாம்பியன்ஷிப் முடியும்வரைன்னு எழுதியிருக்குதுங்க. மெட்ராஸ்லதானே முடியுது?"

மூவரும் வரியை விரல் வைத்து வாசித்தார்கள். எழுத்து மருதாசலத்தினுடையதுதான்.

"அம்மிணி சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார் தலைவர். படிவத்தில் 'கணவர் காலமானார்' என்று எழுதி, ஆழ்ந்த அனுதாபங்களுடன் தாமே கையெழுத்தும் போட்டார்.

ரயிலடிக்குக் கமிட்டியே வந்திருந்தது. காலமானவருக்கு ஒரு மாலையாவது போடாமல் சம்பூர்ணம் வெள்ளைச் சேலையில் ரயிலேறினால் முறையாகாது என்றார் ராக்கியண்ணன். மாலையை ஆளுக்குப் போடுவதா, படத்துக்குத்தானே போடுவார்கள் என்று தலைவர் கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் அறைச் சுவரில் கண்ணாடி உடைந்து தொங்கிய வெறும் படச்சட்டம் ஒன்றைக் கழற்றி வந்து, மருதாசலத்தை அதற்குள் முகம் வைத்து நிற்கச் சொல்லி, மாலையைச் சாத்தினார்கள்.

ரயில் ஊதியது. ஜன்னலோரம் சம்பூர்ணம் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க மருதாசலத்துக்கு இமை படபடவென்று அடித்துக்கொண்டது.

"கண்ணச் சிமிட்டாதீங்க செயலாளரே" என்றார் தலைவர், "படம் கெட்டுப்போயிரும்."