நிற்கிற வண்டியைத் தொடாத மேஸ்திரி

ஒண்டிப்புதூரைத் தாண்டி ஒரு பட்டறை. பழைய கார்களைச் சரிசெய்து ஓட வைக்கும் பட்டறை அது. நடத்துகிறவர் ஜெசிந்தா. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். ஆனாலும் தலை நரைத்த முதலாளிகள்கூட அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

அந்தப் பட்டறைக்கு ஒரு விதி உண்டு. நிற்கிற வண்டியை ஜெசிந்தா தொடமாட்டார். காலையில் வண்டி தானே ஓடி வர வேண்டும். மாலையில் தானே ஓடித் திரும்ப வேண்டும். நடுவில் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவுதான் அன்றைய வேலை. இது தெரியாமல் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் அசடு வழிந்தவர்கள் நிறையப் பேர்.

சென்னியப்பனும் அப்படித்தான் வந்தார்.

அவர் நூல் மில்லில் முப்பத்திரண்டு வருடம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கோன் நூலில் ஒரே ஒரு முடிச்சு கண்ணில் பட்டால் போதும், பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வாங்கிய வண்டியைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நாற்பத்தெட்டு வருடத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கூரை இல்லை, கீழே தரையும் பாதிதான் இருந்தது. துருப்பிடித்த ஓட்டை வழியே ரோடு தெரிந்தது. இடது கதவு மூடாது, மூடினால் திறக்காது. வைப்பர் ஏதோ ஆட்டோவிலிருந்து கழற்றி மாட்டியது.

ஜெசிந்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதை எதுக்குங்க சார் வாங்குனீங்க?"

"அண்ணனுக்குக் காட்டோணுங்க."

"அண்ணன் எங்க இருக்கறாரு?"

"கோத்தகிரியில."

"அப்ப ஓட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"இந்தக் கோலத்துலயா? நல்லா இருக்கே! எல்லாம் முடிச்சு, பெயின்ட் அடிச்சு, புதுசாட்டம் கொண்டு போகோணுங்க. நானும் கூட நின்னு வேலை கத்துக்கறேன். என்னைச் சேர்த்துக்குங்க மேஸ்திரி."

ஜெசிந்தா லாரிக்காரரைப் பார்த்தார். "வண்டியை இவுங்க வீட்லயே எறக்கிருங்க. நான் அங்க வந்து பிரேக்கை மட்டும் பண்ணித் தர்றேன். அதுக்கப்புறம் ஓட்டிட்டு வரட்டும்."

அப்படித்தான் பாடம் தொடங்கியது.

ஏழு மாதம் போனது. முதலில் தரைத்தகடு. பிறகு ஸ்டியரிங். பிறகு ஒயரிங். தினமும் காலையில் சென்னியப்பன் படபடவென்ற சத்தத்தோடு வந்து சேர்வார். மாலையில் அதைவிடக் கொஞ்சம் குறைந்த சத்தத்தோடு போவார். கையெல்லாம் கிரீஸ். தினமும் கிளம்பும்போது ஒரே கேள்வி.

"எப்பங்க முடியும்?"

ஜெசிந்தாவும் தினமும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்பார்.

"நாளைக்கு வருமா?"

"வருங்க."

"வரட்டும்."

சென்னியப்பனுக்கு எரிச்சலாக இருக்கும். மில்லில் இப்படிப் பதில் சொன்ன ஒருவனையும் அவர் விட்டுவைத்ததில்லை.

வேலைக்கு நடுவே அண்ணன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லியிருந்தார். இளவட்டமாக இருந்தபோது இருவரும் சோழவரத்துக்குப் போய்க் கார் பந்தயம் பார்த்தார்கள். இதே மாதிரி ஒரு வண்டி சீறிக்கொண்டு போனது. "ஒருநாள் இதுல நாம ரெண்டு பேரும் மலையேறுவோம்டா" என்றார் அண்ணன் நாச்சிமுத்து. பிறகு ஆளுக்கொரு குடும்பம், ஆளுக்கொரு ஊர். ஒன்பது வருடம் முன்பு அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கூடப் பிறந்தவனுக்கு வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைப்பதுதான் முறை. பத்திரிகை தபாலில் வந்தது. சென்னியப்பன் போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது.

கோபமெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது. போகாமல் இருந்த வெட்கம்தான் மிச்சம். போன தையில் அண்ணனுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டார். அடுத்த வாரமே இந்தக் காரைத் தேடி வாங்கினார். வெறுங்கையோடு போய் அந்த வாசலில் நிற்க அவரால் முடியாது. இந்த வண்டி பளபளவென்று போய் நின்றால், அதற்குமேல் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது என்று நம்பினார்.

ஆவணியில் ஜெசிந்தா வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போனார். திரும்பப் பத்து நாள் ஆகும். சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்து, பட்டறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சென்னியப்பன் பட்டறையைப் பார்த்தார். வண்டியையும் பார்த்தார். எங்கு பார்த்தாலும் குறை. இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தால் தன் ஆயுசுக்கு முடியாது என்று தோன்றியது. அடியோடு பிரித்து, ஒவ்வொரு திருகாணியையும் துலக்கி, ஒரே மூச்சில் புதிதாகப் பூட்டிவிட்டால் என்ன?

பிரித்தார். கதவு, பானட், சீட்டு, ஸ்டியரிங், சக்கரம். ஆறே நாளில் வண்டி பட்டறை முழுக்கப் பரவிக் கிடந்தது. தூக்க ஆள் கிடைக்காததால் இன்ஜின் மட்டும் தப்பித்தது.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது கால் வைக்க இடமில்லை. தாண்டித் தாண்டி உள்ளே வந்தார். கோபப்படவில்லை.

"அடி முதலா பண்ணிரலாம்னுட்டு..." என்றார் சென்னியப்பன்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி தெய்வானை. கையில் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, கோத்தகிரியில இருந்து பேசுனாங்க. உங்கண்ணனுக்கு நேத்துல இருந்து நாக்கு ரொம்பக் குளறுதாமா. இன்னும் எத்தனை நாளைக்குப் பேச்சு இருக்கும்னு தெரியலைன்னு டாக்டர் சொல்லிட்டாராமா. பஸ்ல போயிட்டு வந்தரலாமுங்க."

"வண்டி முடியட்டும் தெய்வானை."

"அது எப்ப முடியும்?"

சென்னியப்பன் போனை வைத்தார்.

ஜெசிந்தா மூலையில் கிடந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்து வந்து, வெறும் சிமென்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். கழற்றிய ஸ்டியரிங்கைத் தேடி எடுத்தார்.

"உக்காருங்க சார்."

"எதுக்குங்க?"

"கோத்தகிரி போலாம்."

மேஸ்திரி சொன்னால் மறுபேச்சு இல்லை. சென்னியப்பன் உட்கார்ந்தார். ஜெசிந்தா ஸ்டியரிங்கை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டில் உட்கார்ந்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். அதில் போன வருடத்துக் காலண்டர் தொங்கியது.

மணி பத்தரை ஆனது. பதினொன்று ஆனது.

"மேட்டுப்பாளையம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"இப்ப என்னங்க பண்றது?"

"பூட்டுங்க."

"முழுசும் பூட்ட ரெண்டு மாசம் ஆகுமுங்க."

"நிக்கோணும், திரும்போணும், ரோடு தெரியோணும். அதுக்கு வேண்டியதை ஒழுங்காப் பூட்டுங்க. மத்தது சாக்குல கெடக்கட்டும்."

இரண்டு நாள் இருவரும் வேலை செய்தார்கள். பிரேக்கை மட்டும் ஜெசிந்தா மூன்று முறை சோதித்தார்.

மூன்றாம் நாள் காலை வண்டி வாசலில் நின்றது. பாதி உடம்பு சாம்பல் நிற பிரைமர் பூச்சு, பாதி பழைய சிவப்பு. பானட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இடது கதவு மட்டும் ஒரு வழியாக மூடியது. முன் பம்பர் சாக்கில் இருந்தது. வழியில் தெய்வானையை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வேட்டி சட்டை மாற்றி வந்த சென்னியப்பன் வண்டியைப் பார்த்ததும் தயங்கினார். முப்பத்திரண்டு வருடக் கண் அது. பார்த்த இடமெல்லாம் முடிச்சாகவே தெரிந்தது.

"மேஸ்திரி, வேண்டாமுங்க. இதையாங்க கொண்டு போய் அவரு முன்னால நிறுத்துறது? ஒன்பது வருசம் கழிச்சுப் போறேன். பெயின்டாச்சும் அடிச்சுரலாங்க. ஒரே வாரம்."

ஜெசிந்தா கைத்துண்டில் கையைத் துடைத்தார்.

"அண்ணன் பத்திரிகை தபால்ல வந்துச்சுன்னீங்களே சார்."

"ஆமாங்க."

"அதுல தேதி சரியா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"மண்டபம்?"

"அதுவும் இருந்துச்சுங்க."

"மேல உங்க பேரு?"

சென்னியப்பன் வண்டியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"தம்பி சென்னின்னு எழுதியிருந்துச்சுங்க. அண்ணன் கையெழுத்து."

ஜெசிந்தா சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அப்ப பத்திரிகை வந்து சேர்ந்துருச்சில்லைங்களா?"