பின்னால் வந்த படகு

புன்னைத்துறைக்கு வடக்கே, காயல் கரையில் அங்கயற்கண்ணி அம்மாள் என்றொரு துறவி இருந்தார். பல வருடங்கள் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து மணல்மேட்டில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களிலும் பலர், கேட்ட பதில் பிடிக்காமல் மறுபடி வரவில்லை.

விடாமல் வந்தவர் தில்லைநாயகம். எல்லாரும் அம்மா என்று அழைத்த அந்தத் துறவியைவிட வயதில் மூத்தவர். காயலைக் கடக்கும் பயணிகள் படகுகள் இரண்டும் அவருடையவை. ஊரில் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். இங்கே வந்தால் அவர் தரையில் உட்காருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"வடிவாம்பாளை நிறுத்திட்டேன் அம்மா."

வடிவாம்பாள் அவருடைய பழைய படகு. இரண்டு தட்டு வைத்த இரும்புப் படகு. அவருடைய அப்பா வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டியது. புன்னைத்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் அதில்தான் வந்தார்கள். பிரசவத்துக்கு அதில்தான் போனார்கள்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"படகைச் சோதிச்சு சர்வே பண்ண வந்த அதிகாரி இனி ஆள் ஏத்தக் கூடாதுன்னுட்டார்."

"என்ன காரணமாம்?"

"வயசாயிடுச்சு."

"எனக்கும்தான் ஆயிடுச்சு."

தில்லைநாயகம் தரையைப் பார்த்தார். "அடித்தகடு தேஞ்சு போச்சாம். அங்கங்கே தண்ணி கசியுது."

"இனி என்ன செய்யப் போறீங்க?"

"உடைக்கிறதுக்கு ஆளுங்க வந்தாங்க. சுத்தியலை வெச்சுத் தட்டித் தட்டிப் பார்த்தாங்க. எங்க அம்மா பேரு எழுதியிருக்கு அதுல. நான் நிக்கும்போதே தட்டுறாங்க. போங்கய்யான்னு விரட்டி விட்டுட்டேன்."

அம்மா பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குருவித்திட்டு ஜனங்களுக்குத் தானமாக் கொடுத்திரலாம்னு இருக்கேன்."

குருவித்திட்டு காயலின் மறுகோடியில் இருக்கும் சின்னத் தீவு. மீன்பிடிக்கிறவர்கள் வாழும் இடம். அங்கிருந்து எங்கே போவதென்றாலும் துடுப்புப் போடும் மர வள்ளம்தான். மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. சர்வே பண்ண அவ்வளவு தூரம் யாரும் வருவதில்லை.

"கசியுதுன்னீங்களே."

"உள்பக்கம் சிமெண்டு பூசிட்டேன். நல்லா பெயிண்டும் அடிச்சாச்சு. இப்பப் பார்த்தா புதுசு மாதிரி இருக்கா." படகைச் சொல்லும்போது அவர் அப்படித்தான் பேசுவார், பெற்ற தாயைச் சொல்வது போல. "நமக்கு உதவாமப் போன ஒண்ணு இல்லாதவங்களுக்கு உதவுச்சுன்னா, அது தர்மம்தானே அம்மா?"

அம்மா பாயிலிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"நீங்க வந்து முதல் பயணத்தை ஆரம்பிச்சு வைக்கணும்."

"வரேன். கீழ்த்தட்டுல எனக்கு ஒரு இடம் வைங்க."

"மேல்தட்டுல நாற்காலி போடச் சொல்றேன் அம்மா. காத்து வரும்."

"மழையில திட்டுக்காரங்க கீழ்த்தட்டுலதானே உட்காருவாங்க? அங்கேயே இருக்கட்டும். வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க. மக, பேத்தி எல்லாரையும்."

தில்லைநாயகம் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே தலை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஆட்டினார்.

குறித்த நாளில் படகுத்துறை திருவிழா போல இருந்தது. வடிவாம்பாளுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். முகப்பில் மாலை தொங்கியது. தில்லைநாயகம் பட்டுச்சட்டையில் நின்று எல்லாரையும் வரவேற்றார். ஆனால் படகில் ஏறியவர்கள் அதிகம் இல்லை. அம்மா, அவர், மேளக்காரர்கள், ஓட்டுகிற சூசைராஜ். அவ்வளவுதான்.

படகு கிளம்பியது. அம்மா கீழ்த்தட்டில், எஞ்சினுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார். தில்லைநாயகம் எதிரே உட்கார்ந்தார்.

கரை மறைந்த பிறகு அம்மா கேட்டார். "எஞ்சின் சத்தத்தோட இன்னொரு சத்தம் கேக்குதே. அது என்ன?"

"பம்பு அம்மா."

"எதுக்கு?"

"அடியில சேர்ற தண்ணியை இறைக்கும்."

"எப்ப நிக்கும்?"

தில்லைநாயகம் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "நிறுத்த மாட்டோம்."

காற்று கொஞ்சம் கூடியது. படகு ஆடியது. பலகைக்குக் கீழே எங்கேயோ ஏதோ பெயர்ந்து விழுந்தது. மேளக்காரர்களில் ஒருவர் தவிலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா சன்னல் வழியே பின்பக்கம் பார்த்தார்.

"ஒரு படகு நம்ம பின்னாலேயே வருதே."

"நம்ம புதுப் படகுதான்."

"அதுல ஒரு பொண்ணு கைகாட்டுறாளே. உங்க மக கோமதியா?"

"ஆமாம்."

"பக்கத்துல உங்க பேத்தி."

"ஆமாம் அம்மா."

"ஏன் அதுல வர்றாங்க?"

"அதுல இடம் தாராளமா இருந்துச்சு."

அம்மா தன்னைச் சுற்றிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் காலிப் பலகைகள். தில்லைநாயகமும் அந்தப் பலகைகளைப் பார்த்தார்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் அம்மா. உங்களை ஏத்திட்டு வரும்போது ஏதாவது ஒண்ணு ஆயிடக் கூடாதில்ல? அதான் அதைப் பின்னால வரச் சொன்னேன்."

"நல்லது," என்றார் அம்மா. "நாளையிலேருந்து இந்தப் படகுக்குப் பின்னால யார் வருவாங்க?"

தில்லைநாயகம் பின்னால் வந்த படகைத் திரும்பிப் பார்த்தார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் படகு நடத்தியவருக்கு அந்தச் சத்தம் இப்போதுதான் காதில் விழுவது போல இருந்தது.

சூசைராஜ் எட்டிப் பார்த்தார். "ஐயா, தண்ணி வழக்கத்தைவிட ஜாஸ்தியா ஏறுது. திட்டுக்குப் போய்ச் சேர்ந்திரலாம். ஆனா இன்னொரு பம்பையும் போட்டுக்கிறேன்."

"திரும்பிரலாமா அம்மா?" என்று தில்லைநாயகம் மெல்லக் கேட்டார்.

"படகு உங்களோடது."

திட்டில் மாலையோடு நிற்கிற முகங்கள் அவருக்கு நினைவு வந்தன. பாதி வழியில் திரும்பினால் என்ன பேசுவார்கள் என்பதும் நினைவு வந்தது. அவர் படகைத் திருப்பச் சொல்லவில்லை.

குருவித்திட்டில் கரை முழுக்க ஆட்கள். மணலில் பெரிய கோலம். பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். படகு கரை அணைந்ததும் குலவை எழுந்தது. புதுப் படகும் பின்னாலேயே வந்து நின்றது. கோமதி குழந்தையோடு இறங்கினாள். குழந்தையின் மேல் மிதவைச் சட்டை இன்னும் இருந்தது. தில்லைநாயகம் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

திட்டின் சார்பாக மாலை போட வந்தவள் முத்துப்பேச்சி. கருவாடு காயப்போட்டு விற்கிறவள். மாலையை உயர்த்திப் பிடித்தவள், போடுவதற்கு முன்னால் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"போன ஐப்பசியில வள்ளம் கவுந்து எங்க அண்ணன் மகளைத் தண்ணிக்குக் கொடுத்தோம் ஐயா. பரீட்சை எழுதப் போன புள்ள. அதுக்கப்புறம் மானம் கறுத்தாலே எம் புள்ளைங்களை நான் அனுப்புறதில்ல. இனிமே பயமில்லாம அனுப்புவேன். நீங்க நல்லா இருக்கணும்."

அவள் மாலையைக் கழுத்துக்குக் கொண்டுவந்தாள். தில்லைநாயகம் ஓரடி பின்னால் போனார்.

"இருங்க," என்றார்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா காயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் படகு சரியில்ல," என்றார். குரல் எழும்பவில்லை. யாரோ "சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள். "இந்தப் படகுல ஆள் ஏத்தக் கூடாது. அடித்தகடு போச்சு. எங்க ஊர்ல இதை ஓட்டக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. நான் சிமெண்டு பூசி, பெயிண்டு அடிச்சுக் கொண்டுவந்தேன்."

முத்துப்பேச்சி மாலையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"தெரிஞ்சேதான் கொண்டாந்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவள் கை தாழ்ந்தது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "பரவாயில்ல ஐயா. எங்க வள்ளத்துக்கு இது மேல். விட்டுட்டுப் போங்க. நாங்க பார்த்துக்குறோம்."

இன்னும் சிலர் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். அவர்கள் ஏச மாட்டார்களா என்று தில்லைநாயகம் காத்திருந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். கெஞ்சினார்கள். அவரால் தலை தூக்க முடியவில்லை.

"இது வேண்டாம்," என்றார். "புதுப் படகு காலையிலயும் சாயங்காலமும் இங்க வரும். பள்ளிக்கூட நேரத்துக்கு. நாளையிலேருந்து."

யாரும் கைதட்டவில்லை. நம்பவும் இல்லை. மேளக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது எல்லாரும் புதுப் படகில் ஏறினார்கள். வடிவாம்பாளைக் காலியாகக் கட்டி இழுத்து வந்தார்கள். வாழைமரமும் மாலையும் அப்படியே இருந்தன. வழி முழுக்க தில்லைநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை.

உடைக்கிறவர்கள் மறுபடி வந்தார்கள். படகைச் சேற்றுக்கரையில் ஏற்றி, கேஸ் வைத்து அறுத்தார்கள். தில்லைநாயகம் தினமும் போய் நின்றார். முகப்பை அறுக்கும்போது ஒருவர் கேட்டார், "பேரு இருக்கிற தகட்டை மட்டும் எடுத்து வைக்கவா ஐயா?" அவர் வேண்டாமென்றார். அடித்தகட்டைப் புரட்டிப் போட்டபோது கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். சிமெண்டு பெயர்ந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். விரல் மறுபக்கம் வந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

புதுப் படகு சொன்னபடி திட்டுக்குப் போனது. அதனால் புன்னைத்துறையில் காலையும் மாலையும் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். தானம் பண்ணப் போய் அசிங்கப்பட்டு வந்தவர் என்று அவர் காதுபடவே பேசினார்கள். முன்போல யாரும் எழுந்து நிற்கவில்லை. இன்னொரு படகு வாங்கும்வரை இப்படித்தான் என்று அவர் சொன்னார்.

தினமும் காலையில் அவரும் அந்தப் படகில் திட்டுக்குப் போனார். பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். முத்துப்பேச்சியும் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறுவாள். ஏறியதும் குனிந்து கீழ்த்தட்டைப் பார்ப்பாள். ஒரு மூலை விடாமல் பார்ப்பாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். ஒருநாளும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் மணல்மேட்டுக்கு வந்தார். அம்மா கொட்டகைக்கு வெளியே கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா பேரைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன்," என்றார் தில்லைநாயகம். "எங்க அம்மா பேரைப் போட்டு ஊர்ப்புள்ளைங்களைக் கொன்னிருப்பேன்."

அம்மா ஊசியில் நூல் கோத்தார்.

"நீங்க எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம் அம்மா. கொடுக்காதேன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். "வேற யாருக்காவது கொடுத்திருப்பேன்."

அம்மா தைத்தார்.

"அந்தப் பொண்ணு தினமும் படகைக் குனிஞ்சு பார்க்கிறா. ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசுது. படகைச் சரியாத்தான் வெச்சிருக்கேன். எவ்வளவு செஞ்சாலும் இந்த வெட்கம் போக மாட்டேங்குது. ராத்திரி படுத்தா வருது. சாப்பிட உட்கார்ந்தா வருது. இது எப்ப அம்மா போகும்?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"போற அன்னைக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்க," என்றார். "அதுக்கப்புறம் உங்க படகுல நான் ஏற மாட்டேன்."