காட்டுப்பூனை வைத்த குடம்புளிக் குழம்பு

குளக்கரைக் காட்டில் செங்கண்ணி என்றொரு காட்டுப்பூனை இருந்தது. புலிராஜாவுக்கு மீன்குழம்பு வைக்கும் வேலை அதற்குத்தான். அந்தப் பெருமையில் அதன் கால் தரையில் பாவவில்லை.

ஒருநாள் ராஜாவுக்கு வயிறு உப்பிசம். குளத்து நீர்நாய் மருதாயி ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்தது. ராஜா குடித்தார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

"அடடா! வயிறு லேசாயிடுச்சே! இதுல என்ன போட்ட?"

"குடம்புளி, ராஜா! வெயில்ல காயவச்சு, அடுப்புப் புகையில கருக்கவிட்டது. சாப்பிட்டது செரிக்கும். மீன் கவிச்சியும் போயிடும்!"

"பலே! நாளைக்கு விருந்துக்கு நீயும் ஒரு சட்டி வை!"

செங்கண்ணிக்கு வயிறு எரிந்தது. இத்தனை காலம் தன் குழம்பை வழித்து நக்கிவிட்டு, இன்று இன்னொருத்தியின் குழம்புக்கு ஏப்பமா! வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு.

அன்று மாலை மருதாயியே ஒரு பொட்டலத்தோடு தேடி வந்தது.

"அக்கா, குடம்புளி கொண்டாந்திருக்கேன். இதை எப்படிப் போடணும்னா..."

"சேத்துல புரள்றவ எனக்குச் சமையல் சொல்லித் தர்றியா? போடி!" என்று பொட்டலத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டது செங்கண்ணி.

மறுநாள் காலை குழம்பு கொதித்தது. செங்கண்ணி இரண்டு துண்டு புளி போட்டு நக்கிப் பார்த்தது. புளிக்கவில்லை.

"பழைய புளியை என் தலையில கட்டிட்டாளே!"

ஒரு கை அள்ளிப் போட்டது. அப்போதும் புளிக்கவில்லை. பொட்டலத்தையே கவிழ்த்துக் கொட்டியது. இப்போது சரியாக இருந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு சட்டியை இறக்கியது.

குடம்புளி போட்ட உடனே புளிக்காது. குழம்பில் ஊற ஊறத்தான் புளிப்பு இறங்கும். விருந்து மதியம்தான்!

ராஜா செங்கண்ணியின் குழம்பை ஒரு வாய் வைத்தார். மீசை சிலிர்த்தது. "ஐயோ, பல்லு கூசுதே!" என்று சட்டியைத் தள்ளிவிட்டார். மருதாயியின் சட்டியை நக்கி முடித்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

"இனிமே நீதான் என் சமையல்காரி!"

மருதாயி பதறியது. "வேணாம் ராஜா! எனக்குக் குளத்துல நீந்தினா போதும். இந்த வேலைக்கு அக்காதான் சரி. ரெண்டு துண்டு போட்டு ஊறவிடணும்னு சொல்லத்தான் நேத்து போனேன். அக்கா சொல்லவிடல."

"காது கொடுக்காதவ கையில கரண்டி எதுக்கு?" என்று உறுமினார் ராஜா. வேண்டாம் என்ற மருதாயியிடமே கரண்டி போனது. செங்கண்ணி காலித் தட்டுகளைக் கழுவப் போனது.

பொறாமைப்படுகிறவர், யாரும் பறிக்க நினைக்காததையும் தாமே தொலைத்துவிடுவார்.