கோபுரத்துக்கு அஞ்சிய விமானம்

பிறைசூடிய பெருமானை வணங்கி இதனைச் சொல்லத் தொடங்குகிறேன். செம்பியனூரை ஆண்ட விக்கிரமசேகர மன்னரிடம் திம்மரசர் என்றொரு யந்திரசாலைத் தலைவர் இருந்தார். தமக்குத் தாமே ‘ககன சக்கரவர்த்தி’ என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். அவர் ஒரு விமானம் செய்து முடித்தார்.

“மகாராஜா! கிழக்கே இரண்டு காதத்தில் உள்ள திருநெல்லிவனத்துக் கோயிலுக்கு இனி இரண்டே நாழிகைப் பயணம். வழியில் அடியார்களுக்குச் சோறிடும் சத்திரங்கள் எதற்கு? அவற்றை மூடி, மானியத்தை என் யந்திரசாலைக்குத் தாருங்கள்” என்றார்.

மன்னர் தலையசைத்தார். அவைப்புலவர் குஞ்சிதபாதர் எழுந்தார்.

“விமானத்தில் எத்தனை பேர் ஏறலாம், திம்மரசரே?”

“நால்வர்.”

“திருவாதிரைக்கு நடந்து போகும் மற்றவர்கள் வழியில் பட்டினி கிடப்பதோ?”

“ஓய், இது பொறாமை! உம்முடைய மாட்டுவண்டிக்கு மதிப்புப் போய்விடும் என்ற பயம்!”

“அப்படியானால் பார்த்துவிடுவோம். மகாராஜா விமானத்தில் வரட்டும். நான் வண்டியில் போகிறேன். அரண்மனை வாசலில் புறப்பட்டு, திருநெல்லிவனத்துச் சந்நிதியில் யார் முதலில் நிற்பது? நான் தோற்றால் சத்திரங்களை மூடுங்கள்.”

மன்னர் இசைந்தார். மறுநாள் காலையில் இருவரும் புறப்பட்டனர். குஞ்சிதபாதரின் வண்டி கிழக்கே திரும்பியது. மன்னரின் தேரோ மேற்கே திரும்பியது.

“மகாராஜா, கோயில் இந்தப் பக்கம் இருக்கிறது!” என்று கூவினார் குஞ்சிதபாதர்.

மன்னர் திம்மரசரை முறைத்தார். திம்மரசர் அவசரமாக விளக்கினார்.

“கோபுரக் கலசத்துக்கு மேலே மனிதர் பறப்பது அபசாரமல்லவா? இடையில் ஊருக்கொரு கோயில். ஆகவே ஏறும் களத்தை மேற்கே, கோபுரமே தெரியாத பொட்டலில் அமைத்தேன்.”

“இறங்கும் களம்?” என்று கேட்டார் மன்னர்.

“அது... திருநெல்லிவனத்தையும் தாண்டி, உப்பளத்தில்.”

பொட்டலை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே மன்னரைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். பாரம் அதிகமென்று கிரீடத்தைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு இராகுகாலம் கழியட்டும் என்று நிழலற்ற வெளியில் உட்கார வைத்தார்கள். கடைசியில் விமானம் கிளம்பி, காட்டின் மேல் சுற்றிப் பறந்து உப்பளத்தில் இறங்கியது. அங்கே ஒரு வண்டிகூட இல்லை. பாதரட்சைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னர் உப்புச் சேற்றில் நடந்தார்.

சந்நிதியை அடைந்தபோது சாயரட்சைத் தீபாராதனை முடிந்திருந்தது. நீராடித் திருநீறு அணிந்து நின்ற குஞ்சிதபாதர் கைகூப்பினார்.

“வாருங்கள், மகாராஜா. சத்திரத்தில் இலை போட்டிருக்கிறது. இன்னும் மூடவில்லை.”

மன்னர் வயிறார உண்டார். பிறகு திம்மரசரிடம் திரும்பினார். “இரண்டு நாழிகை என்றீரே?”

“பறந்தது இரண்டு நாழிகைதான், மகாராஜா!”

“மெய்தான்” என்றார் குஞ்சிதபாதர். “பறக்காமல் காய்ந்த நேரத்தை ககன சக்கரவர்த்திகள் நேரமாகவே கருதுவதில்லை.”

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். “சத்திரங்கள் என்றும் நிலைக்கட்டும்! புலவரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?”

“அந்த விமானம்.”

“நீரும் பறக்கப் போகிறீரா?”

“சிவசிவ! வழியிலுள்ள தண்ணீர்ப்பந்தலின் கூரை காற்றில் போய்விட்டது. விமானத்தைக் கவிழ்த்து நான்கு கால்களின் மேல் வைத்துவிடலாம். அசையாமல் நின்றாவது வழிப்போக்கருக்கு அது உதவட்டும்!”