ஒரு எழுத்தும் விடாமல்

கதை சின்னது. நடுவில் பேசாமல் கேளுங்கள்.

மேலக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் ஒரே தண்ணீர்ப் பானை. ஊர்ப்பிள்ளைகள் மொண்டு குடிக்கும். காலனிப் பிள்ளைகள் கையேந்தி நிற்கும். மனசிருந்தால் யாராவது ஊற்றுவார்கள். அவர்களில் ஒருத்தியான ஐந்தாம் வகுப்புப் பவுனு ஒருநாள், "ஏன்?" என்று கேட்டுவிட்டாள்.

தலைமையாசிரியர் வரதப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேள்வி கேக்கவா வந்தே? புத்தகத்துல இருக்கறத மட்டும் ஒப்பி. நாளைக்கு ஆய்வாளர் வரார். தண்ணீர்ப் பாடத்தை ஒரு எழுத்து விடாம சொல்லணும். விட்டே, டி.சி.தான். ஆத்தாளோட களை பறிக்கப் போ."

மறுநாள் ஆய்வாளர் முன்னால் பவுனு எழுந்தாள். தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள். பாடம் முடிந்தது.

"உட்காரு" என்றார் வரதப்பன்.

அவள் உட்காரவில்லை. "கலந்துரையாடுக. உங்கள் பள்ளியில் எல்லோரும் எப்படி நீர் அருந்துகிறீர்கள்? ஆசிரியருடன் பேசுக."

"ஏய், அது பயிற்சி. அதெல்லாம் நடத்தறதில்லே!"

"புத்தகத்துல இருக்குங்கய்யா. ஒரு எழுத்தும் விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆசிரியரோட பேசணும்னு போட்டிருக்கு. பேசுங்கய்யா."

ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. "சொல்லுங்க சார்" என்றார்.

வரதப்பன் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

பவுனு பொறுத்துப் பார்த்தாள். பிறகு நேராகப் பானைக்குப் போனாள். தன் கையால் மொண்டாள். வகுப்பே பார்த்திருக்க, நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"இன்னியிலேர்ந்து இப்படித்தான்யா" என்றாள், ஆய்வாளரிடம்.